கம்ப்ரஸர் இல்லாமலே பம்பிங்

கிக் டிரம் விழும்போதெல்லாம் பேட் (பின்னணியில் நீளமாக ஒலிக்கும் சிந்த் சத்தம்) அமுங்கி எழ வேண்டுமா? அதுதான் பம்பிங். கிக்கின் சிக்னலைக் கம்ப்ரஸருக்கு அனுப்பிப் பேடை அமுக்கும் சைட்செயின் ரூட்டிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், எல்எஃப்ஓ டூல், கிக்ஸ்டார்ட் மாதிரி வால்யூமை வளைவாக ஏற்றி இறக்கும் பிளக்இன் ஒன்றைப் பேட் டிராக்கில் போட்டு, ரேட்டை 1/4, அதாவது பீட்டுக்கு ஒரு முறை என்று வையுங்கள். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) ஒரு பீட் 500 மில்லிசெகண்ட், அதில் பாதி நேரத்தில் சத்தம் மெல்ல ஏறி வந்தால் நன்றாக மூச்சு வாங்கும். பேஸ் டிராக்குக்கு அவ்வளவு நேரம் வேண்டாம், கிக்கின் வால் அடங்கும்வரை போதும். அப்புறம் முக்கியமானது, ரிவெர்ப் என்ற எதிரொலி எஃபெக்டுக்குப் பின்னால்தான் இதை வைக்க வேண்டும், முன்னால் வைத்தால் ரிவெர்ப் அந்தப் பள்ளத்தை நிரப்பி பம்பிங்கையே மழுப்பிவிடும். கிளிக் கேட்டால் இறக்கத்தில் ஓரிரு மில்லிசெகண்ட் சரிவு கொடுங்கள். கிக் இல்லாத பிரேக்டவுன் பகுதியிலும் இது நிற்காமல் ஓடும், எனக்குப் பிடித்ததே அதுதான். கிக் தாறுமாறாக விழும் பாட்டென்றால் மட்டும், கிக்கின் மிடி நோட்டு வரும்போதெல்லாம் இயங்கும் மிடி டிரிகருக்கு மாற்றுங்கள்.