மருத்துவமனையில் புதுத் திட்டம்: எங்கெங்கே சறுக்குகிறது?

மருத்துவமனையில் நோயாளிகளுக்காகப் புதிதாக ஏதாவது செய்யலாம் என்று கூட்டம் போட்டால், அரை மணி நேரத்தில் பேச்சு ஒரு கருவியிலோ செயலியிலோ வந்து நின்றுவிடும். எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்பதெல்லாம் முடிவாகிவிடும். நோயாளி இப்போது எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் தவறு இதுதான்.

தாய்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று படத்தைப் பார்த்தே சொல்லும் செயற்கை நுண்ணறிவை அங்கே 11 கிளினிக்குகளில் கூகுள் பயன்படுத்திப் பார்த்தது. ஆய்வகத்தில் அதன் துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல். கிளினிக்கிலோ, ஐந்தில் ஒரு படத்தைத் தெளிவில்லை என்று மென்பொருளே தள்ளிவிட்டது. பல இடங்களில் கண்ணைத் தெளிவாகப் படமெடுக்கத் தேவையான அளவு இருட்டாக்கக்கூடிய அறையே இல்லை. படம் சரியில்லை என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கூட வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாள் வேறு மருத்துவமனைக்கு அலைய நேரிடும். இணையம் மந்தமான இடங்களில் வரிசையும் நகரவில்லை. 2020இல் இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதைப் பாராட்ட வேண்டும். சறுக்கிய திட்டத்துக்குப் பெரும்பாலும் அறிக்கையே வராது.

அடுத்தது, படிவத்தையே திட்டம் என்று நினைத்துக்கொள்வது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைசிகிச்சை செக்லிஸ்ட்டை, அதாவது உள்ளே வைத்த பஞ்சுகளின் எண்ணிக்கை உட்பட ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் செய்யும் பட்டியலை, எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் முடிவு வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதை எல்லா மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோனது. 101 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்து 2014இல் பார்த்தால், குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. இத்தனைக்கும், கிட்டத்தட்ட முழுமையாகப் பின்பற்றுவதாகவே மருத்துவமனைகள் சொல்லியிருந்தன. செக்லிஸ்ட் வந்தபின் மூன்று மாதக் கணக்கை மட்டும் பார்த்தது போதாது என்று வாதிடுபவர்களும் உண்டு, சரி. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: செவிலியர் ‘கொஞ்சம் பொறுங்க டாக்டர், பஞ்சுக் கணக்கு இடிக்குது’ என்று தைரியமாகச் சொல்ல முடியாத இடத்தில் அந்தத் தாளில் எத்தனை டிக் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது தவறு எளிதில் கண்ணில் படாது. வந்தவர்களை மட்டும் எண்ணுவது. கண் முகாமுக்கு இத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று ஃப்ளெக்ஸ் வைக்கலாம். வராதவர்கள் எத்தனை பேர்? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதைத்தான் கிராமங்களில் கணக்கெடுத்தது. பார்வைக் குறை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை என்று 1999இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. சிகிச்சை இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. அன்றைய கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும், ஆட்டை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை வேறு. அப்புறம் பயம், ‘வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும்’ என்ற சமாதானம். முகாம்களை மட்டும் நம்பியிராமல், சிறு ஊர்களில் நிரந்தரமாக இயங்கும் விஷன் சென்டர்களை அவர்கள் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே கண்ணைச் சோதிப்பார்கள். டாக்டர் தன் மருத்துவமனையில் இருந்தபடியே வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். இன்று அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. இணையமும் வீடியோவும் இங்கேயும் உண்டு. ஆனால் யார் ஏன் வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே அவை வந்தன.

மேலிடத்தில் முடிவெடுத்துக் கீழே திணிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2002இல் தொடங்கிய தேசிய மருத்துவக் கணினித் திட்டம், பல நூறு கோடி பவுண்டுகளை விழுங்கியபின் 2011இல் கலைக்கப்பட்டது. அதைப் பயன்படுத்த வேண்டிய மருத்துவர்களிடம் சரியாகக் கலந்து பேசவில்லை என்பது முக்கியமான குறையாகச் சொல்லப்பட்டது.

கடைசியாக ஒன்று. மானியத்தில் ஓடும் முன்னோட்டத் திட்டத்துக்குத் தனி ஒருங்கிணைப்பாளர் இருப்பார், பழுதானால் கம்பெனி ஆள் அன்றே வருவார். பணம் நின்றதும் இருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் திட்ட அறிக்கையிலேயே மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: இரண்டாம் வருடம் இந்த வேலை யாருடைய டியூட்டியில் சேரும், அதற்காக அவருடைய எந்த வேலையைக் குறைப்போம், பராமரிப்புச் செலவு எந்தக் கணக்கில் வரும்.