சன்ரூஃப் திரை: வெயிலையும் காற்றையும் குழப்பிக்கொள்ளும் தவறுகள்

காரின் கூரையில் திறந்து மூடும் கண்ணாடியான சன்ரூஃப் வேண்டும் என்பதற்காகவே ஒரு படி விலை கூடிய மாடலை வாங்குகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். முதல் ஏப்ரலில் உச்சந்தலை சுடும்போதுதான் கண்ணாடிக்குக் கீழே ஒரு திரையும் இருக்கிறது என்ற ஞாபகம் வருகிறது. அதன்பின் அதை இழுத்து மூடிவிட்டு ஆண்டு முழுவதும் தொடாமல் விடுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறுதான்.

கண்ணாடியைத் திறப்பது காற்றுக்காக. திரையை மூடுவது வெயிலுக்காக. திரை மூடியிருந்தால் காற்றின் வழி அடைபடும்; திறந்திருந்தால் வெயில் இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாகக் கிடைக்காது. எப்போது எது தேவை என்று வரிசைப்படுத்தத் தெரிந்தால் போதும்.

இந்த வசதி வளர்ந்த இடம் ஐரோப்பா. ஜெர்மனியின் வெபாஸ்டோ நிறுவனம் 1930-களிலேயே கார்களுக்கு மடக்குக் கூரை செய்துவந்தது. மியூனிக் நகரில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 18 டிகிரிதான் எழும். ஜூனில்கூட 65 டிகிரி அளவோடு நின்றுவிடும். சென்னையில் ஆண்டிலேயே மிகத் தாழ்வான நண்பகல் சூரியன் 53 டிகிரியில் நிற்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அப்போது நண்பகலில் பக்கக் கண்ணாடிகளைவிடக் கூரைக் கண்ணாடியில்தான் வெயில் நேராக அடிக்கும். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயில் ஏறத்தாழ 1,000 வாட். கண்ணாடிக்கு நிறம் ஏற்றியிருப்பதால் அதில் ஒரு பகுதிதான் உள்ளே வரும்; கத்திரி வெயிலில் அந்தப் பகுதியே தாராளம்.

திரை மூடியிருந்தால் கார் குளிர்ச்சியாக இருக்கும் என்ற நம்பிக்கை

திரை கண்ணாடிக்கு உட்புறம் இருக்கிறது. வெயில் கண்ணாடியைக் கடந்து காருக்குள் வந்த பிறகுதான் திரையைத் தொடுகிறது. வெளிர்நிறத் திரை அதில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பும். கறுப்புத் திரை பெரும்பகுதியை உறிஞ்சிச் சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே உட்கார்ந்திருப்பவர் தலைமீது வீசும். இப்படி வெளிப்படும் வெப்பத்தின் அலைநீளம் அதிகம் என்பதால் கண்ணாடி அதை நேராக வெளியே விடாது. மதியம் வெயிலில் நின்ற காரின் திரையைக் கையால் தொட்டுப் பார்த்தாலே விஷயம் விளங்கும். ஆனாலும் நேர்வெயில் இருக்கையிலும் தலையிலும் விழாமல் திரை தடுக்கிறது. அதற்காகவே நிறுத்தும்போது மூடிவிட்டுப் போக வேண்டும். வெயிலை உண்மையில் தடுக்க வேண்டுமானால் தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மர நிழலோ, ஷெட்டோ, கூரையை மட்டும் மூடும் வெளிர்நிற உறையோ எந்த உட்திரையையும்விட மேல்.

கண்ணாடியின் பின்விளிம்பைச் சற்றே தூக்கிவிட்டுப் போனால் சூடு வெளியேறிவிடும் என்று நினைப்பதும் இதே வகை. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. ஜன்னலைச் சிறிது இறக்கி வைத்தும் பெரிய மாற்றம் இல்லை. கூரையில் விடும் விரல் அகல இடைவெளியை நம்பிக் குழந்தையையோ நாயையோ உள்ளே விட்டுவிட்டு ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று கடைக்குள் நுழைவது எந்த நியாயத்திலும் சேராது.

ஏறியதும் ஏ.சி.யை முழு வேகத்தில் வைப்பது

சூடான காற்று மேலே ஏறித் திரைக்கு அடியில்தான் தேங்கி நிற்கும். கதவுகளையும் திரையையும் மூடிவிட்டு ஏ.சி.யை அலறவிட்டால், வெளியே தள்ள வேண்டிய காற்றையே காசு கொடுத்துக் குளிர்விக்கிறோம். முதலில் திரையைத் திறந்து, கண்ணாடியின் பின்விளிம்பைத் தூக்கி, ஜன்னல்களை இறக்கி, ஓரிரு நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். கார் நகரும்போது கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறைவதால் உள்ளே தேங்கிய சூடு தானாக மேலே உறிஞ்சப்படும். பிறகு எல்லாவற்றையும் மூடி, திரையையும் மூடி, ஏ.சி.யை உள்காற்றே சுழலும் நிலைக்கு மாற்றுங்கள்.

இதில் ‘திரையையும் மூடி’ என்பதுதான் பலருக்கு விட்டுப்போகிறது. நிறைய மாடல்களில் கண்ணாடியைத் திறந்தால் திரையும் கூடவே திறந்துகொள்ளும். கண்ணாடியை மூடும்போது திரை தானாக வராது. கண்ணாடி மூடிவிட்டது என்ற நிம்மதியில் மணிக்கணக்காக வெயிலை வாங்கிக்கொண்டு, ஏ.சி. சரியில்லை என்று சர்வீஸ் நிலையத்தில் புகார் சொல்வார்கள்.

காற்றுக்குக் கண்ணாடியை முழுதாக நகர்த்தித் திறக்க வேண்டும் என்பதும் இல்லை. பின்விளிம்பைத் தூக்கும் நிலையே ஓடும் காருக்குப் போதுமானது. வெயிலும் கண்ணாடி வழியே வடிகட்டித்தான் வரும். பலகை போன்ற கெட்டியான திரை உள்ள கார்களில் பாதி மூடி வைத்து, முன் இருக்கைக்கு நிழலும் பின்பக்கம் காற்றும் பெறலாம். துணித்திரையில் இதைச் செய்தால் வேகத்தில் படபடத்து, ஓரம் தடத்திலிருந்து கழன்றுகொள்ளும். மின்மோட்டாரில் ஓடும் திரையைக் கையால் இழுப்பதும் கூடாது.

நெடுஞ்சாலையில் கூரையை முழுதாகத் திறந்தால் காதை அமுக்கும் ‘தப் தப்’ அதிர்வு வருவதுண்டு. கூரைத் திறப்பின்மீது ஓடும் காற்று உள்ளே இருக்கும் காற்றை அதிரவைப்பதால் வருவது அது. காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் சத்தத்துக்கும் அதுவே காரணம். கண்ணாடியைச் சிறிது மூடுங்கள், அல்லது பின் ஜன்னல் ஒன்றைக் கொஞ்சம் இறக்குங்கள், அடங்கிவிடும். திறப்பு வழியே குழந்தைகளை எழுந்து நிற்கவைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு திடீர் பிரேக் போதும்.

கடையில் வாங்கிப் பொருத்தும் திரைகள்

கறுப்பு வலைத்திரை கண் கூச்சத்தைக் குறைக்கும். சூட்டைக் குறைப்பதில் அதன் பங்கு சிறிது, ஏனென்றால் அது உறிஞ்சுகிற ரகம். வெள்ளிப் பூச்சுள்ள இரண்டாவது அடுக்கோடு வருவதை வாங்கினால் பளபளக்கும் பக்கம் கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும். அழகுக்காகத் திருப்பி மாட்டினால் பயன் போய்விடும். உறிஞ்சு கிண்ணத்தில் ஒட்டுபவை வெயிலில் பிடி தளர்ந்து, ஓட்டும்போது மடியில் விழும். கொக்கிகளைத் தடத்தில் செருகிவிட்டு மறதியாகக் கண்ணாடியைத் திறந்தால் மோட்டார் தடுமாறும். மோதலின்போது ஜன்னலை மறைத்தபடி விரியும் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில், ஜன்னலுக்கு மேலே கூரை ஓரத்தில்தான் அது மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே கிளிப்போ கயிறோ மாட்டாதீர்கள்.

கறுப்பாக இருந்தால் சூடு வராது என்று ஃபிலிம் ஒட்டுவது இன்னொன்று. சூரிய ஆற்றலில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் மலிவான ஃபிலிம் அதில் நிறைய விட்டுவிடும். வாங்கும்போது அகச்சிவப்புத் தடுப்பு எவ்வளவு என்று கேளுங்கள். கூரைக்கு ஒட்டும்போது ‘அப்படியே ஜன்னலுக்கும்’ என்று கடைக்காரர் சொன்னால் நிதானியுங்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பு காட்டிய விஷயம் இது; முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

திரையில் பழுப்புக் கறை

திரையின் ஓரத்தில் பழுப்பு வட்டம் தெரிந்தால் பலர் ரப்பர் போய்விட்டது என்று பசையைப் பூசிவிடுகிறார்கள். சன்ரூஃபின் ரப்பர் முழு நீரையும் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. அதைத் தாண்டி வரும் நீர் கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஓரக் கால்வாயில் இறங்கி, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியே கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் ஓடிக் காருக்கு அடியில் வடிய வேண்டும். வேப்பம்பூவும் சருகும் புழுதியும் அந்தத் துளைகளை அடைத்தால் நீர் கூரைத்துணிக்கும் திரைக்கும் வரும். ஐப்பசி மழைக்கு முன்பாகக் கண்ணாடியைத் திறந்து, கால்வாயை ஈரத்துணியால் துடைத்து, முன்மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சற்று நேரத்தில் முன்சக்கரத்தின் அருகே சொட்டினால் வழி திறந்திருக்கிறது. சொட்டாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள். பஞ்சர் கடையின் அழுத்தக் காற்றை அதற்குள் அடித்தால் தூணுக்குள் குழாயின் இணைப்பு கழன்றுவிடும். பிறகு தண்ணீர் தரைவிரிப்பில்தான் இறங்கும்.