உப்பளத்தில் ஒரே ஷாட்: மொபைலில் முதல் வீடியோ ஆர்ட்

2002-இல் பிரான்சிஸ் அலிஸ் என்ற கலைஞர், பெருவின் லிமா நகருக்கு வெளியே 500 தன்னார்வலர்களை வரிசையாக நிறுத்தி, ஒரு மணல்மேட்டை மண்வெட்டிகளால் சுமார் 10 செ.மீ. நகர்த்தச் செய்து படமாக்கினார். ஒரு நிலம், ஒரு வேலை, அவ்வளவுதான். தூத்துக்குடி உப்பளத்தில் அதுபோன்ற வேலை, உப்பு விளையும் காலத்தில் தினமும் நடக்கிறது. நாம் மொபைல் கேமராவோடு காத்திருந்தால் போதும், அதை இடையில் வெட்டாத ஒரே ஷாட்டாக எடுத்து, நம் முதல் வீடியோ ஆர்ட்டை (வீடியோவையே ஊடகமாகக் கொண்ட கலைப்படைப்பை) உருவாக்கலாம்.

1. மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்துவிடும். கோடையில், விடியலுக்கு முன்பே போய்விடுங்கள். வெயில் ஏறினால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும்.

2. உரிமையாளரிடம் மட்டுமல்ல, தொழிலாளர்களிடமும் அனுமதி கேளுங்கள். "இன்னொரு தடவை உப்பை வாருங்கக்கா" என்று சொல்லி அவர்கள் உழைப்பை நடிப்பாக்காதீர்கள். இதில் சமரசமே கூடாது.

3. வரப்பில் ட்ரைபாடை ஊன்றுங்கள். தொடுவானம் ஃபிரேமின் மேல்பகுதியில் இருக்கட்டும். மனிதர் சிறிதாகவும் உப்பு விளையும் பாத்தி பெரிதாகவும் தெரிய வேண்டும். ஜூம் வேண்டாம்.

4. புதியவர்கள் தடுமாறும் இடம் வெளிச்சம். வெள்ளையைக் கண்டதும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும், உப்பு சாம்பல் நிறமாகிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (கேமரா எடுக்கும் வெளிச்ச அளவையும்) மாறாதபடி லாக் செய்யுங்கள். பிறகு வெளிச்சத்தை மெல்லக் கூட்டுங்கள். உப்புக் கற்கள் தனித்தனியாகத் தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டானால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். லாக் செய்யாவிட்டால், அடர்நிறச் சட்டை போட்டவர் உள்ளே வந்ததும் படம் முழுக்க வெளிச்சம் மாறும்.

5. ஃப்ளைட் மோடில் போட்டு, ஆளில்லாத பாத்தியில் ரெக்கார்டிங்கைத் தொடங்குங்கள். ஒருவர் வந்து, நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் உப்பை இழுத்து, வரப்போரம் குவித்துவிட்டு ஃபிரேமை விட்டுப் போகும்வரை நிறுத்தாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் சரி, வேலையின் நீளம்தான் படத்தின் நீளம். மொபைலுக்குக் குடை பிடியுங்கள், சூடானால் ரெக்கார்டிங் நின்றுவிடும்.

6. பலகை உப்பைச் சுரண்டும் கரகரப்பை இன்னொரு மொபைலில் அருகிலிருந்து பதிவு செய்யுங்கள். பின்னணி இசை சேர்த்தால் அந்தச் சத்தம் செத்துவிடும்.

7. எடிட்டிங்கில் இரு முனைகளை மட்டும் வெட்டி, படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி லூப்பில் போடுங்கள். குவித்த உப்பு ஒரு நொடியில் மறைந்து, பாத்தி மீண்டும் நிரம்பிக் கிடக்கும். வேலை மறுபடி தொடங்கும். எனக்கு இந்தப் படத்தின் உயிர் அந்த வெட்டில்தான் இருக்கிறது.

8. முதலில் அந்தத் தொழிலாளர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வெளியிடாதீர்கள்.