ஆளில்லாமல் தரிசான நிலத்தை மறுபடி விதைப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்களின் வயல்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. மீட்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் பொக்லைனைக் கூப்பிடுகிறார்கள். அதற்கு முன் நிலத்துக்காரர்களிடம் பேசி முடிக்க வேண்டும்.

தனியாக ஒரு ஏக்கரைத் திருத்துவது நிலைக்காது. சுற்றிலும் புதர் இருந்தால் காட்டுப்பன்றி விளைச்சலை விட்டுவைக்காது. அடுத்தடுத்துக் கிடக்கும் 10 முதல் 15 ஏக்கரை ஒரே தாக்காக, அதாவது ஒரே தொகுதியாக எடுங்கள். கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் தரிசு நிலத் தொகுப்புக்கும் இந்த அளவுதான். உங்கள் ஊருக்கு உண்டா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

வயல்களின் எல்லையைக் காட்டும் புலப்படத்தை வைத்து, சர்வே எண் வாரியாகப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். பல பட்டாக்கள் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் பெயர் மாற்றத்துக்கு மனுப் போடலாம். அது முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்டால் சாகுபடியைத் தொடங்கலாம். ஒருவர் விடுபட்டாலும் அறுப்பு நேரத்தில் தகராறு வரும். மாசிக் களரிக்கு வெளியூர்க்காரர்கள் குலசாமி கும்பிட வரும்போது எல்லாரையும் ஒன்றாக உட்காரவைப்பதே சுலபம்.

குத்தகைக்கு விட்டால் நிலம் திரும்பி வராது என்று நிலத்துக்காரர்கள் அஞ்சுகிறார்கள். குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற விடாத 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. உழுபவருக்கும் அந்தச் சட்டம் வேண்டும். ஆகவே காலம், பங்கு, பயிர்க் காப்பீட்டுத் தொகையும் வறட்சி நிவாரணமும் யாருக்கு என்பதை எழுத்தில் வையுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

அடுத்தது தூர், அதாவது மரத்தை வெட்டியபின் மண்ணில் நிற்கும் அடிக்கட்டை. கரி மூட்டம் போடுபவர்கள் மரத்தை அறுத்துக்கொண்டு தூரை விட்டுவிடுவார்கள். அது தழைத்தால் சில ஆண்டுகளில் மறுபடி வெட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. துளிர்க்கும் மொட்டுகள் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. ஓரடி ஆழத்துக்குக் கீழே வேரை அறுத்துத் தூரோடு எடுத்தால்தான் மரம் சாகும். விறகு விலையைக் குறைத்தாவது தூர் எடுப்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். பங்குனி முதல் ஆனிக்குள் முடித்துவிடுங்கள். கரிசல் நனைந்துவிட்டால் இயந்திரம் புதையும். பிறகு குழிகளை மூடி, சமன்படுத்தி, கோடை உழவு போட்டு, வரப்பை உயர்த்துங்கள். உவர் உள்ள இடத்தில் பண்ணைக்குட்டையை ஆழமாக வெட்டினால் உப்புநீர் ஊறும். அகலமாகவும் ஆழம் குறைவாகவும் வெட்டுங்கள்.

மண்ணுக்குள் கிடக்கும் சீமைக்கருவேல விதை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். காயைத் தின்ற ஆடுகளின் புழுக்கை வழியாகப் புதிதாகவும் வந்து சேரும். முதல் மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளைச் சாணளவு உயரத்துக்குள், ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். இதைத் தொடர்ந்து செய்யாமல் விட்டால் போட்ட செலவு முழுக்கப் போய்விடும். ஆடு மேய்ப்பவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அறுப்புக்குப் பின் தாளில் மேய்க்க இடம் ஒதுக்குங்கள். மேய்ச்சலை இழப்பவர்கள் அவர்கள்தான்.

முதல் ஆண்டே மிளகாய் வேண்டாம். பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருவாயில் மடக்கி உழலாம், அல்லது மானாவாரியாகக் குதிரைவாலி போடலாம். குதிரைவாலிக்கு ஆள் குறைவாகப் போதும்.

இந்தப் பக்கத்து உருண்டை மிளகாயான முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்ல பயிர். ஆனால் தையிலிருந்து பல தடவை பழம் பறிக்க வேண்டும். முதியவர்களே மிஞ்சிய ஊரில், பறிக்கக் கிடைக்கும் ஆட்களை எண்ணிவிட்டு அதற்கேற்ற பரப்பில் மட்டும் விதையுங்கள். பழத்தைத் தார்ப்பாயில் காயவையுங்கள். மண்தரையில் காய்ந்த வற்றலில் பூஞ்சணம் பிடித்து விலை இறங்கும்.