பாவாடை நாடா கோக்கத் தெரியுமா? ஹேமக் கயிற்றை நீங்களே செய்யலாம்

துணியைச் சுருக்கி, ஊக்கைத் தள்ளி, பிறகு சுருக்கத்தை நீவிவிட்டுப் பாவாடைக்கு நாடா கோப்போமே, அந்தக் கைப்பழக்கம் இருந்தால் போதும். மரங்களுக்கு நடுவே ஹேமக்கை, அதாவது துணியாலான தொங்கு படுக்கையை, தொங்கவிடவும், அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்கவும் உதவும் ‘வூப்பி ஸ்லிங்’ கயிற்றை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.

முறுக்குக் கயிறு இதற்கு உதவாது. உள்ளே நூல் திணித்த நைலான் கயிறும் உதவாது. 12 புரிகளைப் பின்னிய, உள்ளே எதுவும் இல்லாமல் குழாய்போல் இருக்கும் டைனீமா கயிறு வேண்டும். பாய்மரப் படகுச் சாமான் விற்பவர்களிடமும் இணையக் கடைகளிலும் தேடலாம். மூலப்பொருள் பாலிஎத்திலீன், பிளாஸ்டிக் பைக்கு உறவுக்காரன்தான். ஆனால் இந்த வகையில் 7/64 அங்குலக் கயிறே, அதாவது 3 மில்லிமீட்டருக்கும் சற்று மெல்லியதே, சுமார் 700 கிலோ வரை தாங்கும். ஒரே சிக்கல் அதன் வழவழப்பு. முடிச்சுப் போட்டால் நழுவும். நழுவாவிட்டாலும் முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதியாகக் குறைந்துவிடலாம். அதனால்தான் கயிற்றைக் கயிற்றுக்குள்ளேயே நுழைக்கிறோம். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் மெலிந்து, உள்ளே இருப்பதை நெரித்துப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பக்கத்துக்கு 3.5 மீட்டர் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். கூரான கத்தரிக்கோல், பேனா, இரண்டாக மடித்த மெல்லிய எஃகுக் கம்பி ஆகியவையும் வேண்டும். கயிற்றின் நுனியைத் தீயில் வாட்டாதீர்கள். உருகி இறுகிய நுனி பின்னலுக்குள் போகாது.

ஒரு முனையிலிருந்து அளந்து 21, 41, 70, 85 சென்டிமீட்டர்களில் அ, ஆ, இ, ஈ என்று குறியிடுங்கள்.

முதலில் நிலையான கண், அதாவது அளவு மாறாத சிறு கண்ணி. அளந்த முனையை ஆ-வில் புரிகளுக்கு நடுவே குறுக்காக நுழைத்து, அ குறி ஆ-வைத் தொடும்வரை இழுங்கள். அடுத்து அ-வில் பின்னலை விரித்து, கயிற்றின் மறுமுனையை அதன் வழியே முழுவதுமாக இழுத்துவிடுங்கள். ஒன்றையொன்று ஊடுருவிய இரு பகுதிகளும் பூட்டிக்கொள்ளும். குழம்பினால் பிரித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். மூன்றாவது முறை கை தானே கற்றுக்கொள்ளும்.

இப்போது 21 சென்டிமீட்டர் வால் ஒன்று மீந்திருக்கும். அதன் கடைசி 7 சென்டிமீட்டரில் பாதிப் புரிகளை ஒவ்வொன்றாக, வெவ்வேறு இடங்களில் வெட்டிக் கூராக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் உள்ளே வால் முடியும் இடத்தில் கயிறு திடீரென மெலிந்து, அங்கேதான் பலவீனமாகும். பிறகு கம்பியை இ குறிக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் (முதலில் அளந்த கணக்கில் 65 சென்டிமீட்டரில்) நுழைத்து, பின்னலின் உள்ளேயே ஓட்டி, பூட்டுக்குப் பக்கத்தில் வெளியே எடுங்கள். வாலை அதில் மாட்டி உள்ளே இழுங்கள். கண்ணிலிருந்து கீழ்நோக்கி நீவிவிட்டால் வால் மறைந்துவிடும்.

இனி நீளம் மாறும் வளையம். கம்பியை இ-யில் நுழைத்து ஈ-யில் வெளியே எடுங்கள். கயிற்றின் மறுமுனையை மாட்டி, இ வழியாக வெளியே வரும்படி இழுங்கள். வெளியே வந்த நுனியில் மட்டும் சாதாரண முடிச்சு ஒன்று போடுங்கள். அது எடையைத் தாங்குவதற்கல்ல, நுனி உள்ளே ஓடிவிடாமல் தடுப்பதற்கு. நான் செய்த முதல் கயிற்றில், மறைந்த வாலுக்கும் இ-க்கும் இடையே இடைவெளி விடவில்லை. ஒரே இடத்தில் மூன்று கயிறுகள் நெருக்கியடித்து, வளையம் அசைய மறுத்துவிட்டது. வால் முடியும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டே கம்பியை எடுங்கள்.

நுனியை இழுத்தால் வளையம் சிறுக்கும். நீட்ட வேண்டுமென்றால், எடை இல்லாதபோது இ-க்கும் ஈ-க்கும் இடைப்பட்ட பகுதியைச் சுருக்கிப் பிடித்து வளையத்தை இழுக்க வேண்டும். மறுபக்கத்துக்கும் இதே போல ஒன்று.

ஹேமக்கின் ஒரு முனையை நிலையான கண்ணால் சுற்றி, கயிற்றின் மீதி முழுவதையும் அந்தக் கண்ணுக்குள் விட்டு இறுக்குங்கள். வளையத்தை, மரத்தைச் சுற்றிக் கட்டிய பட்டியின் காரபைனரில் (திறந்து மூடும் உலோகக் கொக்கியில்) மாட்டுங்கள். எடை தாங்கும் மலையேற்றக் காரபைனராக இருக்கட்டும், சாவிக்கொத்துக் கொக்கி வேண்டாம். மெல்லிய கயிற்றை நேரடியாக மரத்தில் கட்டினால் மரத்தின் பட்டையை அறுத்துவிடும். குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டி நல்லது, நைலான் நீண்டுகொடுக்கும்.

கயிறு தரைமட்டத்துக்கு 30 பாகை சாய்ந்திருக்கட்டும். அப்போது ஒவ்வொரு பக்கத்திலும் விழும் இழுவிசை உங்கள் எடைக்குச் சமம். அழகுக்காக விறைப்பாகக் கட்டி 10 பாகையாக்கினால், 70 கிலோ மனிதருக்கு ஒவ்வொரு பக்கமும் 200 கிலோ இழுக்கும். தொய்வாக இருந்தால்தான் முதுகுக்கும் சுகம்.

எடை இல்லாதபோது நெரிப்பு தளரும். அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் கையால் அழுத்திப் பார்த்து, பிறகு மெல்ல உட்கார்ந்து, கடைசியாகக் காலைத் தூக்குங்கள். உயரம் நாற்காலி அளவுக்கு மேல் வேண்டாம்.