சமூகப்பணிப் படிப்பில் இடங்களைக் கூட்டச் சொல்லி மனு எழுதுவது எப்படி

"சமூகப்பணிக் கல்வியை விரிவுபடுத்த வேண்டும்" என்று மட்டும் எழுதினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், கோப்பு நகராது. எத்தனை இடம், எந்த நிலைப் படிப்பு, எந்த ஆண்டிலிருந்து, யார் உத்தரவு போட வேண்டும் என்ற நான்கும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்.

எழுத உட்காருமுன் களப்பணிக் கணக்கைப் போடுங்கள். களப்பணி என்றால் மாணவர்கள் மருத்துவமனை, இல்லம் போன்ற நிறுவனங்களில் மேற்பார்வையோடு செய்யும் நேரடிப் பயிற்சி. நல்ல கோரிக்கைகூடச் சறுக்குவது இங்கேதான். புதிதாக 40 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு இருவர் என்றால் 20 நிறுவனங்கள் வேண்டும். ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம் தனி மேற்பார்வை என்றால் வாரம் 40 மணி நேரம். ஓர் ஆசிரியர் 8 பேரைப் பார்த்தால் 5 ஆசிரியர்கள். வகுப்பறை எப்படியும் கிடைத்துவிடும், இந்த ஐந்து பேரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. களப்பணிக்கு ஏன் இத்தனை ஆள் என்று கேட்டால், 2004-ல் அடிலெய்டில் ஏற்கப்பட்டு 2020-ல் திருத்தப்பட்ட, சமூகப்பணிக் கல்விக்கான உலகத் தரநிலைகளில் களப்பயிற்சி பற்றிய பகுதியை எடுத்து நீட்டுங்கள்.

நிறுவனங்களிடம் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். "எங்கள் முழு ஆதரவு உண்டு" என்ற கடிதம் காகிதத்துக்குத்தான் கேடு. எத்தனை மாணவர், எந்தெந்தக் கிழமை, மேற்பார்வையிடுபவர் யார், அவர் என்ன படித்தவர் என்பது இருந்தால்தான் கணக்கில் சேரும். அவர் வேலை மாறிப் போகலாம். மாற்று ஆள் பெயரையும் அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்தது வேலைவாய்ப்பு. மருத்துவமனை, பள்ளி, சிறை, குழந்தைகள் இல்லம் ஆகியவற்றின் பணி விதிகளைத் தேடிப் படியுங்கள். கல்வித் தகுதி "ஏதேனும் ஒரு பட்டம்" என்றிருந்தால் இடங்களைக் கூட்டியும் மாணவர் வரமாட்டார்கள். விதியைத் திருத்தக் கோரித் தனி மனு போடுங்கள். அந்தக் கையெழுத்து பெரும்பாலும் வேறு துறையில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் இரு துறையும் மாறி மாறித் தள்ளிவிடும்.

முழுப் படிப்புக்கு மறுத்தால் சிறிதாகக் கேட்பதில் தவறில்லை. இன்றைய கொலம்பியா சமூகப்பணிப் பள்ளியே 1898-ல் நியூயார்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பாகத் தொடங்கியதுதான். ஆனால் குறுகியகாலச் சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் மலிவான சான்றிதழே போதும் என்று பட்டப்படிப்பைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள்.

வரவு செலவுத் திட்ட வரைவு தொடங்குமுன் மனு போய்ச் சேரட்டும். நேரில் பார்க்க மூன்று பேர் போதும்: ஆசிரியர் ஒருவர், களத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர், ஆளெடுக்கும் நிறுவனத்தார் ஒருவர். பேசி முடித்த அன்றே, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார் என்று அரைப் பக்கக் குறிப்பு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியும் வாங்கி வையுங்கள். அதிகாரி மாறினால் புதியவர் முன் வைக்க அந்தத் தாள்தான் இருக்கும்.