சமூக ஊடகக் கணக்கு ஹேக் ஆனாலோ அவதூறு பரவினாலோ நிறுவனத்தைப் பதில் சொல்ல வைப்பது எப்படி?

ரிப்போர்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அது நிறுவனத்தின் சொந்த விதிப்படி இயங்கும் பொத்தான். பல நேரம் மனிதக் கண்ணே அதன்மேல் படுவதில்லை. சட்டப்படி பதில் சொல்லியே ஆக வேண்டியவர் குறைதீர்ப்பு அலுவலர். 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு சமூக ஊடக நிறுவனமும் ஒருவரை நியமிக்க வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் இருந்தால், அவர் இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும்.

படி 1: ஆதாரம்

கோபத்தில் பதில் எழுதாதீர்கள். முதலில் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அத்துடன் பதிவின் இணைப்பையும், போட்டவருடைய பக்கத்தின் இணைப்பையும் நகலெடுத்து வையுங்கள். பெயரை மட்டும் குறித்து வைத்தால் போதாது. நாளைக்கே அவர் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: கணக்கு மீட்பு

இன்ஸ்டாகிராமுக்கு ஓடுவதற்கு முன் உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மின்னஞ்சல் திருடன் கையில் இருந்தால் மீட்புக் குறியீடும் அவனிடமே போய்ச் சேரும். கணக்கிலுள்ள மின்னஞ்சல் முகவரியை யாராவது மாற்றினால், பழைய முகவரிக்கு இன்ஸ்டாகிராம் தகவல் அனுப்பும். அதிலுள்ள இணைப்பைக் கொண்டு மாற்றத்தை ரத்து செய்யலாம். ஸ்பேம் பெட்டியிலும் தேடிப் பாருங்கள்.

மதுரை செல்லூரில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண்ணின் பக்கம் பறிபோனபோது வேறொரு சிக்கல் வந்தது. முகத்தை வீடியோவில் காட்டி நிரூபிக்கும் வழி, உங்கள் படம் உள்ள கணக்குகளுக்கானது. அவர் பக்கத்திலோ சேலைகள் மட்டும்தான். கடைப் பக்கம் வைத்திருப்பவர்கள், கணக்குத் தொடங்கிய மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் இன்றே எழுதி வையுங்கள்; அங்கே அவைதான் சாட்சி.

வாட்ஸ்அப் என்றால் உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கக் குறியீட்டை இட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரட்டைச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணை (PIN) வைத்துவிட்டிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டியிருக்கும்.

நிறுவனங்களுக்கு வேகமாகச் செயல்படத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2018 செப்டம்பரில் தன் நிரலில் ஓட்டை கண்ட பேஸ்புக், சுமார் 9 கோடிக் கணக்குகளைத் தானாகவே வெளியேற்றி மறுபடி நுழைய வைத்தது. அதில் பாதியளவு அக்கறையாவது தனி மனிதர் புகாருக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

படி 3: புகார்

செயலியின் உதவிப் பகுதியில் குறைதீர்ப்பு அலுவலரின் படிவமோ முகவரியோ இருக்கும். 2021 விதிகள் வைத்த கெடு, 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, 15 நாளுக்குள் தீர்வு. பிறகு வந்த திருத்தங்கள் கெடுவைச் சுருக்கியே வந்திருக்கின்றன. அந்தரங்கப் படமோ, ஒட்டுவேலை செய்த படமோ என்றால் 2021 விதியிலேயே 24 மணி நேரம்தான். பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் புகார் தரலாம். நீட்டி முழக்க வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"இந்த இணைப்பில் உள்ள படத்தில் இருப்பது என் முகம், உடல் என்னுடையதல்ல. நான் சம்மதம் தரவில்லை. 2021 விதிகளின்படி நீக்கக் கோருகிறேன்."

வசவுச் சொல்லில்தான் சிரமம் அதிகம். மேலூர்ப் பக்கத் திருவிழா வீடியோ ஒன்றின் கீழே ஒரு குடும்பத்தின் சாதியைக் குத்திக்காட்டி, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் பட்டப்பெயர். "விதிமீறல் இல்லை" என்று பதில் வந்தது. வட்டார வசவை அறிந்த தமிழ் ஆட்களை நிறுவனங்கள் அமர்த்தியே ஆக வேண்டும். அதுவரை நாம்தான் விளக்க வேண்டும்: அந்தச் சொல்லைத் தமிழில் எழுதி, அது யாரை, எதற்காக இழிவுபடுத்துகிறது என்று இரண்டு வரி சேருங்கள்.

படி 4: மேல்முறையீடு

பதில் திருப்தி இல்லையா? 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2022 திருத்தம் தந்த வழி இது.

படி 5: காவல்துறை

பணம் போயிருந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திராமல் உடனே 1930-ஐ அழையுங்கள். மற்றவற்றுக்கு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. நேரில் போவதானால், மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் குற்றப்பிரிவு உண்டு. ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து, இணைப்புகளையும் நிறுவனம் தந்த புகார் எண்ணையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.